‘கிளர்ச்சித் தளபதி’ என்னும் பெயர்: யூசுப்கான் வரலாற்றெழுத்து குறித்த ஒரு மறுபார்வை

மதுரைக் காளவாசலை அடுத்த சம்மட்டிபுரத்தில், 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானின் அடக்கத்தலம் உள்ளது. மக்கள் அதனைக் கான்சாகிபு பள்ளிவாசல் என்பர். எஸ்.சி. ஹில் 1914இல் வெளியிட்ட அவரது ஆங்கில வாழ்க்கை வரலாறு, ‘கிளர்ச்சித் தளபதி’ எனப் பொருள்படும் துணைத்தலைப்பைக் கொண்டது. கும்பினி ஆவணங்களை முறையாகத் திரட்டித் தந்தமை அந்நூலின் நிலைத்த பயன். ஆயினும் அதன் தலைப்பு, ஆராய வேண்டியதை முன்னரே தீர்த்துவிடுகிறது.

ஆர்க்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் பொருதிய வாரிசுரிமைப் போர், ஒரே நாட்டு மக்களை இரு அணியாக்கிய உள்நாட்டுப் போரேயாகும். முகமது அலியை ஆதரித்த ஆங்கிலேயரிடம் பணிபுரிந்து உயர்ந்த யூசுப்கானுக்குக் கும்பினி தங்கப் பதக்கம் வழங்கியது. 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிருவாகமும் அவர்வசமாயிற்று. அவர் கட்டுப்பட வேண்டியது கும்பினிக்கா, நவாபுக்கா என்பதே பின்னர்ப் பூசலாக முற்றியது. நவாபின் மேலாண்மையை அவர் ஏற்க மறுத்ததைக் ‘கிளர்ச்சி’ என்பது, அப்பூசலில் நவாபின் வாதத்தை ஆய்வாளர் வழிமொழிவதாகும்.

‘விடுதலை வீரர்’ என்னும் பிற்காலப் பட்டமும் இவ்வாறே இடர்ப்படுகிறது. 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலை வீழ்த்தியவரும் அவரே. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலோ ‘கான்சாகிபு சண்டை’ என்றே பெயர் பெற்றுள்ளது. அப்பெயர் நிகழ்வைச் சுட்டுகிறது. குற்றம் சாட்டவில்லை, பட்டமும் சூட்டவில்லை. பதக்கம் அளித்த தரப்பே தூக்கு மேடைக்கும் துணைநின்ற முரணை விளக்க, அத்தகைய பெயரீடே ஆய்வுக்குத் தக்க தொடக்கமாகும்.