சொல்லப்படாத சாட்சியம்

சிட்னி லூமெட் இயக்கி 1957-இல் வெளிவந்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைப் புகழ்வோர், ஹென்றி ஃபோண்டா ஏற்று நடித்த எட்டாம் ஜூரியின் துணிவையே பெரிதும் போற்றுவர். தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞனின் உயிர் பன்னிரு ஜூரிகளின் கையில் இருக்கிறது. முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் அவனைக் குற்றவாளி என்கின்றனர். ஒருவர் மட்டும் உடன்பட மறுக்கிறார். முடிவில் பன்னிருவரும் அவனை விடுவிக்கின்றனர். இதனைத் தனிமனிதத் துணிவின் வெற்றி என்பது தவறன்று. எனினும் அது பாதி உண்மையே.

படத்தை ஊன்றிக் காண்போமாயின் வேறொன்று புலனாகும். சேரியில் வளர்ந்த ஐந்தாம் ஜூரி, முதலில் தம் முறை வந்தபோது பேசாது ஒதுங்குகிறார். ஆனால் மடக்குக் கத்தியைக் கீழிருந்து மேல்நோக்கியே வீசுவர் என்பதை அவ்வறையில் அறிந்தவர் அவரே. இறந்தவர் மேனியிலிருந்த காயமோ மேலிருந்து கீழிறங்கியது. நேரில் கண்டதாகச் சொன்ன பெண்ணின் மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம் இருந்ததை ஒரு முதியவர் நினைவுகூர்கிறார். உடனே ஜூரிகளின் தலைவரும், "நானும் கண்டேன்" என்கிறார். கண்டவர் ஏன் அதுவரை வாய் திறக்கவில்லை?

உளவியலார் ஸ்டாசரும் டைட்டசும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. மூன்று வேட்பாளருள் ஒருவரை மாணவர் தலைவராகத் தெரிவு செய்யுமாறு நால்வர் கொண்ட குழுக்களிடம் கூறினர். எல்லாச் செய்தியும் எல்லாருக்கும் தரப்பட்டபோது 83 விழுக்காட்டுக் குழுக்கள் தகுந்தவரையே தெரிந்தன. அதே செய்திகளைப் பிரித்து ஆளுக்குச் சில தந்தபோது, நான்கில் ஒரு பங்குக் குழுக்கள்கூட அவரைத் தெரியவில்லை. அனைவரும் அறிந்ததையே அனைவரும் பேசினர். ஒருவர் மட்டும் அறிந்தது பேசப்படாமலே போயிற்று.

படத்தின் குறையும் இங்கேதான். ஒரு வீரர் இல்லையேல் உண்மை வெளிப்படாது என்று அது நம்மை எண்ண வைக்கிறது. உண்மையில் எட்டாம் ஜூரியின் பெருமை, "எனக்குத் தெரியவில்லை, பேசிப் பார்ப்போம்" என்ற மனநிலையில் உள்ளது. அதுவே பிறர் வாயைத் திறந்தது.

இதை நான் காலந்தாழ்த்தியே கற்றேன். பங்கின் சமூகக்கூடத்திற்கு இடம் தெரிந்தபோது என் கருத்தை முதலில் சொன்னேன். பேரவையினர் அனைவரும் தலையசைத்தனர். முதல் மழையிலேயே அடித்தளம் இறங்கிற்று. பேரவையில் இருந்த முதிய கொத்தனார், "அது தூர்த்த குளம் சாமி, நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள் என்றிருந்தேன்" என்றார். தவறு அவருடையதன்று.

மடத்தின் முக்கிய அலுவல்களில் அனைவரையும் கூட்டிக் கேட்ட பின்னரே தலைவர் முடிவு செய்ய வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலின் மூன்றாம் அதிகாரத்தில் பணிக்கிறார். இளையவருக்கே நல்லதை ஆண்டவர் பலமுறை வெளிப்படுத்துவார் என்பது அவர் கூறும் காரணம்.

பங்குப் பேரவையினர் ஒருங்கே அமர்ந்து காணத்தக்க படம் இது. கண்ட பின், இதுவரை பேசாதிருந்தவரிடம் முதலில் கருத்துக் கேளுங்கள். பங்குத் தந்தை இறுதியில் பேசட்டும்.