ரிப்பன் மைக்கும் நம் வாத்தியங்களும்: ஒரு மதிப்பீடு

எம்.எஸ். சுப்புலட்சுமி தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்த பகுதி சென்னையின் கோட்டூர்புரம். அங்கும், பக்கத்தில் அடையாறு, மயிலாப்பூரிலும், வீட்டின் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கென்றே ஒதுக்கிக்கொள்ளும் இசைக் கலைஞர்கள் உண்டு. ஒரு கணினி, ஒரு இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக் என்று தொடங்குகிறார்கள். கொஞ்ச காலம் போனதும் அடுத்த கேள்வி வருகிறது: ரிப்பன் மைக் வாங்கலாமா? வாங்கினால் அதற்குத் தனியாக ஒரு பெருக்கி, அதாவது ப்ரீஆம்ப், வேண்டுமா?

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் இரண்டு வரிதான். ரிப்பன் மைக்கின் ஒலி இதமானது. அதற்கு விலை உயர்ந்த ப்ரீஆம்ப் கட்டாயம். முதல் வரியில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது வரி நம் வாத்தியங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் பிழை. மைக்கையும் ப்ரீஆம்பையும் ஜோடி சேர்ப்பதில் செலவாகும் பணமும் கவலையும், வாத்தியத்தின் சத்த அளவையும் அறையையும் யோசிப்பதில் செலவாவதில்லை. இந்தப் பழக்கத்தின் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியம்.

ரிப்பன் மைக் புதிய கருவி அல்ல. 1924இல் ஜெர்மனியில் வால்டர் ஷாட்கியும் எர்வின் கெர்லாக்கும் இதை உருவாக்கினார்கள். 1930களின் தொடக்கத்தில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் இதை ஒலிபரப்புக்கு உகந்ததாக வளர்த்தெடுத்தார். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கிய காலத்தில், உலக வானொலி நிலையங்களின் முதன்மையான மைக்குகளில் ரிப்பனும் ஒன்று. பின்னர் கண்டென்சர் மைக்குகள் அந்த இடத்தைப் பிடித்தன. டிஜிட்டல் பதிவு பரவி, உச்ச ஸ்தாயிகளின் கூர்மை காதை உறுத்தத் தொடங்கிய பிறகு ரிப்பன் திரும்பி வந்தது. 1998இல் வெளிவந்த ராயர் ஆர்-121 அந்த மறுவருகைக்குப் பெரிய காரணம்.

அதன் அமைப்பு மிக எளிது. வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று தொங்குகிறது. ஆர்-121இல் அதன் தடிமன் 2.5 மைக்ரான், பிபிசி 1950களில் வடிவமைத்து இன்றும் தயாராகும் கோல்ஸ் 4038இல் 0.6 மைக்ரான்தான். காற்றின் அசைவோடு தகடும் அசைய, அதில் மின்சாரம் பிறக்கிறது. தகட்டின் மின்தடை ஒரு ஓமுக்கும் குறைவு. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதை ஏறத்தாழ 300 ஓம் அளவுக்கு உயர்த்தி வெளியே அனுப்புகிறது. தகட்டின் முன்புறமும் பின்புறமும் திறந்தே இருப்பதால் இரு பக்க ஒலியையும் அது சமமாகக் கேட்கிறது. இடம், வலம் இரண்டு பக்கமும் அதற்கு ஏறக்குறைய காது கேட்காது. எட்டு வடிவம் என்று ஒலிப்பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

கர்நாடக இசைக்கு ரிப்பன் தரும் பெரிய வரம் இந்த எட்டு வடிவமே என்பது என் கருத்து. இதம், பழமை என்ற பேச்சில் இது கவனிக்கப்படாமலே போய்விடுகிறது. கச்சேரி மேடையில் பாடகர் நடுவில் அமர்கிறார். வயலின்காரரும் மிருதங்கக்காரரும் அவருக்குச் சற்று முன்னால், இரு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி அமர்கிறார்கள். பாடகரின் முன் ஒன்றரை அடியில் ஒரு ரிப்பன் மைக்கை வைத்தால், பக்கவாத்தியக்காரர்கள் இருவரும் அநேகமாக அதன் காது கேளாத பக்கங்களில் வந்துவிடுவார்கள். குரல் தனியாகப் பதிவாகும். மூவரும் கண்ணோடு கண் பார்த்து வாசிக்கவும் முடியும். ஒவ்வொருவரையும் கண்ணாடி அறையில் அடைத்து, ஹெட்ஃபோனில் தாளம் கேட்கவைத்துப் பதிவு செய்தால் நிரவலும் தனி ஆவர்த்தனமும் உயிரிழந்துபோகும். அதைத் தவிர்க்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. முன்புற ஒலியையே பெரிதும் கேட்கும் கார்டியாய்ட் கண்டென்சர் மைக்கிலும் பக்க ஒலி குறையும். ஆனால் அப்படிக் கசிந்து வரும் மிருதங்க ஒலி நிறம் மாறி, மந்தமாக வரும். நல்ல ரிப்பனில் கசிவும் இயல்பான நிறத்தோடு வருவதால் கலவையில் உறுத்தாது.

இரண்டாவது நிறை, உச்ச அதிர்வெண்களில் ரிப்பன் மெல்ல இறங்குவது. நாகஸ்வரத்தின் சீவாளியிலிருந்து வரும் கூர்மையைக் கண்டென்சர் மிகைப்படுத்துகிறது. வயலினில் வில் உராயும் ஓசையும், ஜால்ராவின் சிலிர்ப்பும் அப்படியே. ரிப்பனில் இவை தள்ளி அமர்ந்து கேட்பதுபோல் அடங்கி ஒலிக்கின்றன. பிறகு ஈக்வலைசரில் கொஞ்சம் உயர்த்தினாலும் கரகரப்பு வருவதில்லை.

மூன்றாவது நிறை, சென்னையின் காற்றோடு தொடர்புடையது. ஈரப்பதம் மிகுந்த நாளில் கண்டென்சர் மைக்கின் கேப்சூலில் படபடவென்று வெடிப்பொலி எழுவதைக் கடலோர நகரத்து ஒலிப்பொறியாளர்கள் அறிவார்கள். மின்னேற்றம் வைத்த சவ்வு எதுவும் ரிப்பனில் இல்லாததால் அந்தத் தொல்லையும் இல்லை.

இனி குறைகள். ரிப்பனின் வெளியீடு மிகச் சிறியது. 94 டெசிபல் ஒலிக்குக் கோல்ஸ் 4038 தருவது அரை மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல். அதே ஒலிக்கு நாய்மன் யு87 ஏஐ, கார்டியாய்ட் நிலையில் 28 மில்லிவோல்ட் தருகிறது. வித்தியாசம் 50 மடங்கு, அதாவது 34 டெசிபல். தனி ப்ரீஆம்ப் வேண்டும் என்ற வாதம் இந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. 80 டெசிபலுக்கு மேல் கெயின் தரும் ஏ.ஈ.ஏ. டிஆர்பி போன்ற ப்ரீஆம்புகளும், கேபிளின் நடுவே செருகி 25 டெசிபல் கூட்டித் தரும் கிளவுட்லிஃப்டர் போன்ற சிறு பெட்டிகளும் இதற்காகவே விற்பனையாகின்றன.

இந்த வாதத்தை வாத்தியத்தின் முன் வைத்துச் சோதிப்போம். நாகஸ்வரம் மைக் இருக்கும் இடத்தில் 100 டெசிபல் ஒலித்தால் கோல்ஸ் மைக்கிலிருந்து ஒரு மில்லிவோல்ட்டுக்கு மேல் வரும். வீட்டு ஸ்டூடியோக்களில் புழங்கும் சாதாரண இன்டர்ஃபேஸ்களில் 55 முதல் 60 டெசிபல் வரை கெயின் உண்டு. அதுவே தாராளம். தவிலுக்கும் அப்படித்தான். ஆக, ரிப்பன் மிக அழகாகப் பொருந்தும் வாத்தியங்களுக்குத் தனி ப்ரீஆம்ப் தேவையே இல்லை.

வீணைக்கு வருவோம். மைக் இருக்கும் இடத்தில் அது 64 டெசிபல் ஒலிக்கிறது என்று வைத்துக்கொண்டால், மைக்கிலிருந்து வருவது சுமார் 18 மைக்ரோவோல்ட். 300 ஓம் மின்தடை எதுவாக இருந்தாலும், அறை வெப்பநிலையில் அது தானாகவே 0.3 மைக்ரோவோல்ட் அளவுக்கு இரைச்சலை உண்டாக்கும். இது இயற்பியல் விதி. எந்தப் ப்ரீஆம்பும் இதை அழிக்க முடியாது. தரமான ஒரு சாதாரண இன்டர்ஃபேஸ் தன் பங்குக்கு ஏறத்தாழ அதே அளவு இரைச்சலைச் சேர்க்கிறது. அப்படியானால், இரைச்சலே இல்லாத ஒரு கற்பனைப் ப்ரீஆம்பை எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் நமக்குக் கிடைக்கும் ஆதாயம் 3 டெசிபல் மட்டுமே. மைக்கைப் பாதித் தூரத்துக்கு நகர்த்தினால் 6 டெசிபல் கிடைக்கும். அதற்குச் செலவு கிடையாது.

கெயின் போதவில்லை என்ற பயமும் பெரும்பாலும் தேவையற்றது. நாடாவில் பதிந்த காலத்தில் குறைந்த அளவில் பதிவு செய்தால் நாடாவின் இரைச்சல் மேலே வந்துவிடும். இன்றைய 24 பிட் பதிவில் அந்தச் சிக்கல் இல்லை. முழு கெயினில் வைத்தபோது ப்ரீஆம்பின் இரைச்சல் டிஜிட்டல் மாற்றியின் இரைச்சலைவிட மேலே இருந்தால், குறைந்த அளவில் பதிந்து பிறகு மென்பொருளில் உயர்த்துவதால் எதுவும் கெடாது. ப்ரீஆம்ப் தன் கெயினின் கடைசிக் கட்டத்தில் இரைந்தால் மட்டுமே கிளவுட்லிஃப்டர் போன்ற சிறு பெட்டிக்கு அர்த்தம் உண்டு.

தனி ப்ரீஆம்புக்கு நியாயமான இடம் வேறொன்று இருக்கிறது: இம்பீடன்ஸ், அதாவது மின்மறுப்பு. ரிப்பனின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. தகட்டின் இயல்பான அதிர்வு இருக்கும் அடி ஸ்தாயியில் அது உயரும். ப்ரீஆம்பின் உள்ளீடு தாழ்ந்ததாக இருந்தால் அங்கே ஒலி மெலிந்துபோகும். ஆர்-121க்கு 1500 ஓமாவது வேண்டும் என்பது ராயர் நிறுவனத்தின் பரிந்துரை. ரிப்பனுக்கென்றே செய்த ப்ரீஆம்புகளில் இது பல ஆயிரம் ஓம் வரை போகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் எழும் குமுக்கியைப் பதிவு செய்யும்போது இந்த வேறுபாடு காதுக்குத் தெரியும். ப்ரீஆம்புக்குச் செலவழிப்பவர் கெயின் எண்ணைப் பார்ப்பதைவிட இந்த எண்ணைப் பார்ப்பதே சரி.

ப்ரீஆம்பைவிடப் பெரிய சிக்கல் அறை. ரிப்பன் பின்புறத்தையும் முன்புறம் போலவே கேட்கிறது. பத்தடிக்குப் பத்தடி அறையில் மைக்கின் பின்னால் அரை மீட்டரில் சுவர் இருந்தால், குரல் அதில் பட்டுத் திரும்பி, தலைகீழான அலையாக மைக்கின் முதுகில் சேரும். 340 ஹெர்ட்ஸ் சுற்றிலும் அதன் மடங்குகளிலும் ஒலி அரிக்கப்படும். அது பாடும் குரலின் நடுப்பகுதி. டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மைக்கின் பின்னால் கனத்த மெத்தையோ, கம்பளியோ, புத்தக அலமாரியோ இல்லாமல் ரிப்பனை வாங்குவது வீண். கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஜன்னலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரயிலின் சத்தம் முன்னாலிருந்து வந்தாலும் பின்னாலிருந்து வந்தாலும் இந்த மைக் அதைச் சமமாகவே பிடிக்கும்.

அருகில் போனால் அடி ஸ்தாயி பெருகும் குணம் கார்டியாய்டைவிட எட்டு வடிவத்தில் கூடுதல். மைக்கை வாயருகே வைத்துப் பாடிப் பழகிய பாடகர்களின் குரல் இதில் தடித்துக் கனத்துவிடும். வீணைக்கு மைக்கை அருகே நகர்த்தச் சொன்னேன். அதற்கான விலையும் இதுவே. இரைச்சலுக்குப் பயந்து நெருங்கினால் குடத்தின் கும்மென்ற ஒலி மிகும். அதற்குப் பயந்து விலகினால் இரைச்சல் மிகும். இந்த இழுபறியில் வீணைக்கும் தம்புராவுக்கும் நல்ல கண்டென்சர் மைக்கே பொருத்தம்.

பராமரிப்பும் எளிதல்ல. அலுமினியத் தகடு காற்றுக்கு அஞ்சும். சீலிங் ஃபேன் ஓடும் அறையிலும், ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்திலும் இதைத் திறந்து வைக்கக்கூடாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிப் போகும்போது உறையிட்டே எடுக்க வேண்டும். பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தால் இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டி உள்ளே போய்விடும். 48 வோல்ட் ஃபேண்டம் பவர் சரியான எக்ஸ்எல்ஆர் கேபிளில் பொதுவாகத் தீங்கு செய்யாது. ஒரு கம்பி அறுந்த கேபிளோ, ஃபேண்டம் போட்டபடி பேட்ச் பேயில் செருகும் அவசரமோ தகட்டை நீட்டிப் பாழாக்கிவிடும். ராயர் ஆர்-122 போன்ற ஆக்டிவ் ரிப்பன்கள் வெளியீட்டையும் இம்பீடன்ஸையும் உள்ளேயே சரிசெய்துகொள்கின்றன. அவற்றுக்கு ஃபேண்டம் கட்டாயம், விலையும் கூடுதல். எந்த வகையானாலும் தகடு அறுந்தால் எங்கே, யார், எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது என் தீர்ப்பு இது. ஒரே ஒரு மைக் வைத்திருக்கப்போகிறவருக்கு ரிப்பன் வேண்டாம். ஏற்கெனவே நல்ல கண்டென்சர் இருந்து, நாகஸ்வரம், தவில், வயலின் பதிவு செய்பவருக்கும், பாடகரையும் பக்கவாத்தியத்தையும் ஒரே அறையில் சேர்த்துப் பதிய விரும்புபவருக்கும் ரிப்பன் தயங்காமல் வாங்க வேண்டிய மைக். தனி ப்ரீஆம்புக்கு எடுத்துவைத்த பணத்தை முதலில் அறைக்குச் செலவிடுங்கள். பழைய இன்டர்ஃபேஸிலேயே மைக்கைச் செருகி, ஒரே சங்கதியை மூன்று தூரங்களில் பதிந்து கேளுங்கள். அதன் பிறகும் குறை தெரிந்தால் ப்ரீஆம்ப் வாங்கலாம். மேற்கத்திய ஸ்டூடியோக்களில் கிட்டார் ஆம்புக்கும் டிரம்ஸுக்கும் எழுந்த பரிந்துரைகளை நம் வாத்தியங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மைக் கேட்டுப் பார்க்கப் போகும்போது உங்கள் வாத்தியத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.