காளிகாட்டில் முடிவாகும் பட்டியல்

2024 மார்ச் 10 அன்று கொல்கத்தா பிரிகேடு மைதானத்தில் திரிணமூல் காங்கிரஸ் தன் 42 மக்களவை வேட்பாளர்களையும் ஒரே கூட்டத்தில் அறிவித்தது. மக்கள் கூட்டத்தின் நடுவே நீண்டு சென்ற நடைமேடையில் மம்தா பானர்ஜி வேட்பாளர்களை அழைத்துக்கொண்டு நடந்தார். பகரம்பூர் தொகுதிக்கு வாசிக்கப்பட்ட பெயர் யூசுஃப் பதான். குஜராத்தின் பரோடாவைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர். 1999 முதல் அந்தத் தொகுதியைத் தொடர்ந்து வென்றுவந்த காங்கிரஸின் அதீர் ரஞ்சன் சவுத்ரியை அவர் தோற்கடித்தார். பெயர் அறிவிக்கப்பட்டபோது அந்த மாவட்டத்தின் திரிணமூல் எம்.எல்.ஏ. ஒருவரே வெளிப்படையாக எதிர்த்தார். பிறகு அடங்கிப்போனார்.

வெற்றி கிடைத்துவிட்டதால் அந்தத் தேர்வு சரி என்று ஆகிவிடுமா? கொல்கத்தாவின் கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையை எடைபோட இந்தக் கேள்வியே நல்ல தொடக்கம். திரிணமூலின் பட்டியல் காளிகாட்டில், ஹரிஷ் சாட்டர்ஜி தெருவிலுள்ள மம்தாவின் வீட்டில் முடிவாகிறது. ஜெயலலிதாவின் போயஸ் தோட்டத்திலிருந்து பட்டியல் வருவதற்குக் காத்திருந்து பார்த்த தமிழ் வாசகருக்கு இந்த முறையை விளக்க வேண்டியதில்லை.

முதலில் பழைய கதை. சுதந்திரத்துக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் வங்கக் காங்கிரஸில் யாருக்குச் சீட்டு என்பதைத் தீர்மானித்த பெரிய சக்தி அதுல்ய கோஷ். காமராஜரோடு சேர்த்து 'சிண்டிகேட்' என்று பேசப்பட்ட குழுவின் முக்கியப் புள்ளி. மாநிலக் காங்கிரஸ் தலைமையிலிருந்து அஜய் முகர்ஜி அகற்றப்பட்டபோது அவர் வெளியேறி 'பங்களா காங்கிரஸ்' தொடங்கினார். 1967 தேர்தலில் முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென் தன் ஆரம்பாக் தொகுதியிலேயே அஜய் முகர்ஜியிடம் தோற்றார்; ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அதே தேர்தலில் அதுல்ய கோஷ் பாங்குராவிலும், காமராஜர் விருதுநகரிலும், எஸ்.கே. பாட்டீல் பம்பாயிலும் தோற்றார்கள். சீட்டு பங்கிட்டவர்கள் மூவரும் ஒரே ஆண்டில் வாக்காளரிடம் வீழ்ந்தார்கள். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. உள்ளே குரல் அடைக்கப்பட்டவர்கள் வெளியே போய்க் கட்சி தொடங்கினார்கள்.

மம்தாவின் கதையும் இதற்கு விலக்கல்ல. 1984இல் ஜாதவ்பூரில் சோம்நாத் சாட்டர்ஜியை எதிர்த்து நிற்கும் வாய்ப்பை இளம் வயதில் அவருக்குக் கொடுத்தது காங்கிரஸ். வென்று காட்டினார். 1992இல் மாநிலக் காங்கிரஸ் தலைவர் பதவிக்கு நடந்த உட்கட்சித் தேர்தலில் சோமென் மித்ராவிடம் தோற்றார். 1998 ஜனவரி 1இல் திரிணமூல் பிறந்தது. உட்கட்சி வாக்கெடுப்பில் தோற்ற ஒருவர் கட்டிய கட்சியில், உட்கட்சி வாக்கெடுப்புக்குப் பெரும்பாலும் இடமில்லாமல் போனது எனக்கு வருத்தம் தருகிறது.

இடதுசாரிகள் வேறு வழியில் நடந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியில் மாவட்டக் குழுக்கள் பெயர்களைப் பரிந்துரைக்கும், மாநிலக் குழு முடிவெடுக்கும், அலிமுதீன் தெரு அலுவலகத்தில் இடது முன்னணித் தலைவர் பட்டியலை வாசிப்பார். கூட்டணிக் கட்சிகளான பார்வர்டு பிளாக்குக்கும் ஆர்.எஸ்.பி.க்கும் உரிய தொகுதிகள் தேர்தலுக்குத் தேர்தல் பெரிதாக மாறுவதில்லை. 1977இல் ஜனதா கட்சிக்குப் பாதிக்கு மேல் இடங்கள் தரவும் இடதுசாரிகள் முன்வந்தார்கள். ஜனதா அதற்கும் மேல் கேட்டதால் பேச்சு முறிந்தது. தனித்து நின்ற இடது முன்னணி 294இல் 230 இடங்களை ஒட்டி வென்று, 34 ஆண்டுகள் ஆண்டது. இந்த முறையில் நேர்மை இருந்தது: பணம் கொடுத்துச் சீட்டு வாங்குவது எளிதல்ல, ஒரே இரவில் நடிகர் வேட்பாளராவதும் அரிது. ஆனால் குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களே அடுத்தவரையும் தேர்ந்தார்கள். பெண்களும் இளைஞர்களும் வரிசையின் கடைசியில் நின்றார்கள். 2021இல் மீனாட்சி முகர்ஜி, தீப்சிதா தர், ஐஷி கோஷ் போன்ற இளம் பெண்களை அந்தக் கட்சி நிறுத்தியபோது காலம் கடந்திருந்தது. அந்தச் சட்டமன்றத்தில் இடதுசாரிகளுக்கு ஓர் இடம்கூட இல்லை.

இங்கேதான் ஒற்றைக் கையின் பட்டியலுக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். 2019இல் திரிணமூலின் 42 வேட்பாளர்களில் 17 பேர் பெண்கள். ஒன்பது பேர் வென்றார்கள். 2024இல் நிறுத்தப்பட்ட 12 பெண்களில் 11 பேர் வென்றார்கள். கட்சியின் 29 எம்.பி.க்களில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நாடாளுமன்றத்தில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா பல பத்தாண்டுகள் கிடந்து, 2023இல் நிறைவேறியபோதும் தொகுதி மறுவரையறையோடு பிணைக்கப்பட்டது. சட்டம் தராததை ஒரு தலைவர் ஒரே மதியத்தில் கொடுத்துவிட்டார். ஒடிசாவில் நவீன் பட்நாயக் 2019இல் 21க்கு 7 தொகுதிகளைப் பெண்களுக்குக் கொடுத்ததும், தமிழ்நாட்டில் நாம் தமிழர் கட்சி பாதி இடங்களைக் கொடுப்பதும் இதே வகை. மாவட்டச் செயலாளர்களின் கூட்டத்தில் வாக்கெடுத்திருந்தால் இந்த எண்ணிக்கை வந்திருக்காது என்றே நினைக்கிறேன். உள்ளூர்ப் பெரும்புள்ளிகளின் பிடியை உடைக்க மேலிருந்து ஒரு கை தேவைப்படுகிறது.

ஆனால் அதே எண்களை இன்னொரு முறை பாருங்கள். 17 என்பது ஐந்தாண்டுகளில் 12 ஆனது. எந்த மாநாடும் தீர்மானம் போடவில்லை, எந்த விதியும் மாறவில்லை. தலைவர் மனமுவந்து கொடுத்த எண்ணிக்கை தலைவர் நினைத்தபோது குறைந்தது.

டெல்லியிலிருந்து வரும் பட்டியலில் இன்னொரு குறை. 2021 சட்டமன்றத் தேர்தலில் பா.ஜ.க. கொல்கத்தாவின் சௌரங்கி தொகுதிக்கு மறைந்த சோமென் மித்ராவின் மனைவி சிகா மித்ராவை அறிவித்தது. தன்னிடம் சம்மதம் கேட்கவே இல்லை என்றார் அவர். காசிப்பூர்-பெல்காசியாவிலும் அறிவிக்கப்பட்டவர் நிற்க மறுத்தார். ஹேஸ்டிங்ஸிலிருந்த கட்சி அலுவலகத்தின் முன்னால் சொந்தத் தொண்டர்களே போராடினார்கள். பட்டியல் எழுதியவர்களுக்கும் தொகுதிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

கீழிருந்து தேர்ந்தெடுக்கும் முயற்சியும் வங்கத்தில் நடந்தது. அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை. 2023 ஏப்ரல் 25 அன்று திரிணமூல் தலைவர்களில் ஒருவரான அபிஷேக் பானர்ஜி 'திரிணமூலே நவஜோவார்' என்ற பயணத்தை கூச் பிஹாரிலிருந்து தொடங்கினார். பஞ்சாயத்து வேட்பாளர் யார் என்று கட்சிக்காரர்களே ரகசிய வாக்குச்சீட்டில் எழுதிப் போட வேண்டும். இந்தியக் கட்சி ஒன்று இந்த அளவில் இப்படிச் செய்தது அரிது. முதல் நாளிலேயே அடிதடி நடந்தது, வாக்குப்பெட்டிகள் சூறையாடப்பட்டன. 'பார்த்தீர்களா, இவர்களுக்கு ஜனநாயகம் ஒத்துவராது' என்று பலர் முடிவு கட்டினார்கள். நான் அப்படி எண்ணவில்லை. பஞ்சாயத்து உறுப்பினர் பதவி என்பது வீட்டுத் திட்டம், ஊரக வேலைத் திட்டம், ஒப்பந்தம் ஆகியவற்றின் மீதான பிடி. அதற்காகப் பெட்டியை உடைக்கிறார்கள் என்றால், பெட்டிக்கு மதிப்பு இருக்கிறது என்று அர்த்தம். வாக்காளர் பட்டியலும் நடுநிலைக் கண்காணிப்பும் இல்லாமல் பெட்டியை மட்டும் கொண்டுபோய் வைத்ததே தவறு.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்குவது 2018 பஞ்சாயத்துத் தேர்தல். 58,692 இடங்களில் 20,159 இடங்கள், அதாவது மூன்றில் ஒன்றுக்கு மேல், போட்டியின்றி முடிந்தன. மனு தாக்கல் செய்யவே விடவில்லை என்று எதிர்க்கட்சிகள் நீதிமன்றம் போயின. மின்னஞ்சலில் வந்த மனுக்களை ஏற்கும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. கடைசியில் அந்த முடிவுகளை ரத்து செய்யவும் அது மறுத்தது. அந்த ஊர்களில் ஆளுங்கட்சி யார் பெயரை எழுதியதோ அவரே உறுப்பினர். வாக்காளருக்கு வேலையே இல்லை. கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்வது கட்சியின் சொந்த விவகாரம் என்ற வாதம் இங்கே முற்றிலும் உடைந்துபோகிறது.

சட்டம் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. மனு தாக்கலின் கடைசி நாளில் பிற்பகல் 3 மணிக்குள் ஏ, பி படிவங்கள் வந்துவிட்டால் சின்னம் கிடைக்கும். அதில் கையெழுத்திடும் அதிகாரம் கட்சியில் யாருக்கு என்பது மட்டுமே தேர்தல் ஆணையத்தின் அக்கறை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பதில்லை. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் இரு அணிகளும் இந்தக் கையெழுத்துக்காகவே உச்ச நீதிமன்றம் வரை போனதைப் பார்த்தோம். குற்ற வழக்குள்ளவரை நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும், 'வெற்றி வாய்ப்பு' மட்டும் காரணமாகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தொடக்கம், ஆனால் குற்ற வழக்கோடு நின்றுவிட்டது. ஜெர்மனியில் வேட்பாளரைக் கட்சி உறுப்பினர்களோ அவர்களுடைய பிரதிநிதிகளோ ரகசிய வாக்கில் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று தேர்தல் சட்டமே கட்டாயப்படுத்துகிறது.

அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டேன்; கூச் பிஹாரில் நடந்தது எல்லாத் தொகுதியிலும் நடக்கும். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரிய பங்கைச் சட்டமே கட்சிப் பட்டியலில் விதிக்கட்டும். அதற்குத் தலைவரின் மனம் வேண்டியதில்லை. அந்த வரம்புக்குள் யார் என்பதைத் தொகுதியின் உறுப்பினர்கள், தேர்தல் ஆணையம் சரிபார்த்த பட்டியலின்படி வாக்களித்து முடிவு செய்யட்டும். ஏ, பி படிவத்தோடு அந்த வாக்கெடுப்பின் முடிவையும் இணைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். காளிகாட்டிலோ அறிவாலயத்திலோ அடுத்த பட்டியல் வெளியாகும்போது, உங்கள் தொகுதிப் பெயருக்கு எதிரே எழுதப்பட்டவரை யார் தேர்ந்தார்கள் என்று கட்சிக்காரர்களிடம் கேளுங்கள்.