திரையில் ஒரு பல்வலி

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'காஸ்ட் அவே' என்னும் ஆங்கிலப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஆளில்லாத் தீவில் ஒதுங்கிய கதாநாயகன் (டாம் ஹாங்க்ஸ்) பல்வலி தாங்காமல், பனியில் சறுக்கும் காலணியின் இரும்புத் தகட்டைப் பல்லில் வைத்துக் கல்லால் அடித்துப் பெயர்க்கிறான், மயங்கி விழுகிறான். அடுத்த காட்சியில் நான்கு ஆண்டுகள் கடந்துவிடுகின்றன!

வலியைப் படம் உண்மையாகவே காட்டுகிறது. மறைத்தது ஆபத்தை. அப்படி அடித்தால் பல் முறிந்து வேர் உள்ளேயே தங்கலாம்; தாடை எலும்பும் உடையலாம்; சீழ் கழுத்துவரை பரவலாம்.

வலி ஒன்றே அவசரத்தை அளக்கும் கோல் அன்று. பல்லின் உட்கூழ் செத்துவிட்டால் வலி நின்றுவிடும், கிருமி நிற்பதில்லை. சிறு சில்லு பெயர்ந்து வலியும் இல்லையெனில் சில நாள் பொறுக்கலாம். உடைந்த இடத்தில் சிவந்த உட்கூழ் தெரிந்தால் அன்றே பல் மருத்துவரிடம் செல்லுங்கள். முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சல் கண்டு, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பல் மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போட்டு வந்ததை அத்தீவில் அவனே சொல்லி வருந்துகிறான். படத்தில் நாம் ஏற்க வேண்டிய மருத்துவ அறிவுரை அது ஒன்றுதான்!