எண்ணெய் பரோட்டாவும் யாரும் பார்க்காத கல்லும்

விருதுநகர் எண்ணெய் பரோட்டா பற்றி யூடியூபில் கிடைக்கிற வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே திரைக்கதை. பரோட்டாவை நொறுக்குவார்கள், அந்தச் சத்தத்துக்கு மைக்கைக் கிட்டே கொண்டு போவார்கள், சால்னாவை ஊற்றுவார்கள், கண்ணை மூடிக்கொண்டு ‘வேற லெவல்’ என்பார்கள். கல்லைக் காட்டினால் மூணு செகண்ட். மாஸ்டருக்கு அதுவும் கிடையாது.

இதற்கு நேரெதிர், வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்கள் போடும் கிரிடில் வீடியோ. கொல்லையில் பிளாக்ஸ்டோன் மாதிரி ஒரு கேஸ் அடுப்பு, மேலே தட்டையான இரும்புத் தகடு. ‘இது ஒண்ணு போதும், தோசை, ஆம்லெட், கொத்து பரோட்டா எல்லாம் வரும்’ என்கிறார்கள். விளம்பர வாடை அடித்தாலும், எத்தனை பர்னர், எந்த இடம் அதிகம் சுடும், எண்ணெய் தடவி எப்படிப் பழக்குவது என்று இரும்பைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த மரியாதை நம்மூர்க் கல்லுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் குறை.

கொஞ்சம் கணக்கு போடலாம். 90 செ.மீ.க்கு 60 செ.மீ., 10 மி.மீ. கனமுள்ள இரும்புக் கல் சுமார் 42 கிலோ இருக்கும். அதே அளவில் 3 மி.மீ. தகடு 13 கிலோகூட வராது. ஒரு பரோட்டாவில் இருந்து 15 கிராம் தண்ணீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு மட்டும் சுமார் 34 கிலோஜூல் வேண்டும். பத்து பரோட்டாவை ஒரே நேரத்தில் போட்டால், அடுப்பு ஈடுகட்டுவதை விட்டுவிட்டுப் பார்த்தால், கனமான கல் 18 டிகிரி இறங்கும். மெல்லிய தகடு 60 டிகிரி இறங்கிவிடும். அப்புறம் பரோட்டா முறுகாது, வேகும், அவ்வளவுதான். கூட்டம் அலைமோதும் நேரத்திலும் நம்ம கடைக் கல் தளராமல் நிற்பதற்கு இந்த எடைதான் பெரிய காரணம்.

இரும்பு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட மட்டம். நாலில் ஒரு பங்குதான். இங்கே அந்தக் குறையே வசதி. தீ இருக்கும் இடம் கொதிக்கும், ஓரம் மிதமாக இருக்கும். ஒரே கல்லில் ஒரு மூலையில் ஆம்லெட், நடுவில் பரோட்டா, ஓரத்தில் சுட்டதைச் சூடு ஆறாமல் அடுக்கி வைப்பது எல்லாம் இதனால்தான் நடக்கிறது.

ஆனால் எண்ணெய் பரோட்டாவைத் தட்டையான கிரிடிலில் போட முடியாது. அதில் எண்ணெய் வழிந்து பின்பக்கக் கிண்ணத்துக்குப் போய்விடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். விருதுநகர்க் கல்லில் நடுவில் பள்ளம், சுற்றிலும் அகலமான விளிம்பு. விளிம்பில் வாட்டி, பள்ளத்து எண்ணெய்க்குள் தள்ளுகிறார்கள். ஒரே இரும்பில் தோசைக்கல்லும் வாணலியும். ‘எல்லாம் செய்யும்’ என்ற பட்டத்தை நான் இதற்குத்தான் கொடுப்பேன்.

எண்ணெய் வியாபார ஊர், அதனால் எண்ணெய் பரோட்டா என்ற விளக்கமும் அந்த வீடியோக்களில் வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எண்ணெய் மண்டி இருந்த ஊரெல்லாம் இதைக் கண்டுபிடிக்கவில்லையே! அந்தப் பள்ளம் எப்போது, எந்தப் பட்டறையில் வந்தது என்று பழைய கொல்லர்களிடம் ஒருத்தராவது மைக்கை நீட்டியிருக்கலாம்.

பாராட்டோடு நிறுத்த முடியாத விஷயமும் இருக்கிறது. சாயங்காலம் ஊற்றிய எண்ணெய் மேலேயே ராத்திரி வரை புது எண்ணெய் சேர்ந்துகொண்டே போகிறது. பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற எஃப்எஸ்எஸ்ஏஐ விதி 2018 ஜூலை 1 முதல் இருக்கிறது. ‘சூப்பரா இருக்குண்ணே’ என்று சொல்கிற வாயால், ‘எண்ணெயை எப்பண்ணே மாத்துவீங்க?’ என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் பார்த்த எதிலும் கேட்கவில்லை. அந்தச் சூட்டுக்கு முன்னால் ஐந்தாறு மணி நேரம் நிற்கிறவரிடம், ‘எப்படிண்ணே தாங்குறீங்க?’ என்றும் கேட்கவில்லை.

சூலக்கரைப் பக்கம் வருகிறவர்கள் சாப்பிடும் முன் கல்லுக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். மாஸ்டர் கரண்டியால் பரோட்டாவை விளிம்புக்கும் பள்ளத்துக்கும் நகர்த்துகிற வேகத்தை எந்த வீடியோவும் முழுசாக எடுக்கவில்லை.