ஜான் ஓ'மாஹனி: ஆடுகளமும் வாக்குச்சீட்டும்

ஜான் ஓ'மாஹனி (1953–2024) அயர்லாந்தைச் சேர்ந்த கேலிக் கால்பந்து மேலாளர், பள்ளி ஆசிரியர், அரசியல்வாதி. மேயோ, லீட்ரிம், கால்வே ஆகிய மூன்று கவுண்டி அணிகளை நடத்தியவர். அவருடைய பொறுப்பில் கால்வே அணி 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் அகில அயர்லாந்து கோப்பையை வென்றது. ஃபைன் கேல் கட்சியின் சார்பில் 2007 முதல் 2016 வரை அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவையான டாயிலிலும், பின்னர் 2020 வரை மேலவையிலும் உறுப்பினராக இருந்தார்.

ஆடுகளத்தில் கவுண்டிக்கு உழைத்தவர், அதே உழைப்பை நாடாளுமன்றத்திலும் தொடர்ந்தார் என்று அவருடைய வாழ்க்கையை ஒரே கோடாக வரைந்து காட்டுவது எளிது. ஆனால் அவருடைய சிறந்த பணிகள் அனைத்தும் அரசியலுக்கு முன்பே முடிந்துவிட்டன. இரண்டு பொறுப்புகளையும் ஒன்றாகச் சுமந்த 2007–2010 காலம்தான் மேலாளராக அவருடைய மிகப் பலவீனமான காலம். அவரைப் பற்றிய மதிப்பீடு இந்த உண்மையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆட்டத்தின் அமைப்பு

கேலிக் கால்பந்தில் ஓர் அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையாலும் காலாலும் ஆடலாம். ஓ'மாஹனி அணிகளை நடத்திய காலத்து விதிப்படி, குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து சென்றால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் சென்றால் ஒரு கோல். அது மூன்று புள்ளிகளுக்குச் சமம். 1-14 என்று எழுதினால் ஒரு கோலும் பதினான்கு புள்ளிகளும், ஆக மொத்தம் 17.

வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. மேலாளர் பதவியும் விதிப்படி தொழில் அன்று. பகலில் வகுப்பறையிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர் மாலையில் அணியைப் பயிற்றுவிப்பார். வீரர்களை விலைகொடுத்து வாங்கும் வழக்கமும் இல்லை. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. அந்தப் பகுதி பெற்றெடுத்த பிள்ளைகளை வைத்துத்தான் ஆடியாக வேண்டும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களை மாற்றிக்கொள்ள முடியாத ஆசிரியரின் நிலைமைதான் கவுண்டி மேலாளருக்கும்.

இந்த ஆட்டத்தை நடத்தும் கேலிக் தடகளச் சங்கம் (1884) கட்சி அரசியல் சாராதது என்று தன் விதிகளிலேயே கூறுகிறது. ஆனால் ஆட்டக்காரர்கள் அரசியலுக்கு வருவதை அது தடுப்பதில்லை. கார்க் கவுண்டிக்கு ஆடிய ஜாக் லிஞ்ச் பிரதமரானார். 1950, 1951 ஆண்டுகளில் கோப்பை வென்ற மேயோ அணியின் தலைவர் ஷான் ஃபிளானகன் அமைச்சரானார். 1936இல் வென்ற மேயோ அணியில் ஆடிய ஹென்றி கென்னி டாயில் உறுப்பினரானார். அவருடைய மகன் எண்டா கென்னிதான் பின்னாளில் ஃபைன் கேல் தலைவர், 2011 முதல் 2017 வரை பிரதமர். ஆகவே ஓ'மாஹனி அரசியலில் நுழைந்ததில் புதுமை ஏதும் இல்லை. மற்றவர்கள் வீரர்களாகப் பெற்ற புகழோடு வந்தார்கள். அவர் அணியின் மேலாளராகப் பதவியில் இருக்கும்போதே வாக்குக் கேட்டார். விமர்சனத்துக்கு உரிய இடம் இதுதான்.

மேயோவிலிருந்து லீட்ரிம் வரை

மேயோவின் கிழக்குப் பகுதியிலுள்ள கில்மோவி அவருடைய ஊர். பாலஹடெரீனிலுள்ள புனித நேத்தி கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். (பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது மேல்நிலைப் பள்ளி.) 1974இல் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான அகில அயர்லாந்து கோப்பையை வென்ற மேயோ அணியில் ஆடினார். 1983இல் அதே வயதுப் பிரிவு அணியை மேலாளராக நின்று வெற்றிக்கு அழைத்துச் சென்றார்.

1987இல் மேயோவின் முதல்நிலை அணி அவரிடம் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1951க்குப் பிறகு முதல்முறையாக மேயோ இறுதிப் போட்டிக்கு வந்தது. 1989 இறுதியில் கார்க் 0-17, மேயோ 1-11. மூன்று புள்ளிகளில் தோல்வி. 1991இல் தனக்கு வேண்டிய தேர்வாளர்களைத் தானே அமர்த்திக்கொள்ளும் உரிமை மறுக்கப்பட்டதால் விலகினார். கவுண்டி வாரியத்தின் அரசியல் அவருக்குக் கட்சி அரசியலுக்கு வெகு முன்பே அறிமுகமாகிவிட்டது.

அதன் பின் அவர் சென்ற இடம் லீட்ரிம். அயர்லாந்தின் 32 கவுண்டிகளில் மக்கள்தொகை மிகக் குறைந்தது. 1990களில் ஏறத்தாழ 25,000 பேர். வேலை தேடி இளைஞர்கள் வெளியேறிக்கொண்டே இருந்த மண். கானாக்ட் மாகாணப் பட்டத்தை லீட்ரிம் கடைசியாக வென்றது 1927இல். 1994இல் ஓ'மாஹனியின் அணி ராஸ்காமனை வென்றது. கால்வேயோடு சமன் செய்து, மறு ஆட்டத்தில் அதையும் வென்றது. இறுதிப் போட்டியில் அவருடைய சொந்த மேயோவையே 0-12, 2-4 என்ற கணக்கில் வென்றது. அணித்தலைவர் டெக்லன் டார்சி கோப்பையை உயர்த்தியபோது, 1927 அணியின் தலைவர் டாம் கானன் முதியவராக அருகில் நின்றார். அரையிறுதியில் டப்ளினிடம் லீட்ரிம் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. அந்தத் தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு அகில அயர்லாந்து கோப்பைகளைவிட இந்த மாகாணப் பட்டமே ஓ'மாஹனியின் உச்சம் எனலாம். கால்வேயில் திறமைசாலிகள் ஏற்கெனவே இருந்தார்கள். லீட்ரிமிலோ, தேர்ந்தெடுக்க ஆட்களே குறைவு. வெல்ல முடியும் என்ற நினைப்பே அறுபத்தேழு ஆண்டுகளாக இல்லாத ஊரில் அந்த நினைப்பை உண்டாக்கியதற்கு, பயிற்சித் திட்டத்தைவிட ஆசிரியத் தன்மைதான் அதிகம் உதவியிருக்க வேண்டும். பின்வரிசை மாணவனைத் தேர்ச்சி பெற வைப்பதும், முதல் வரிசை மாணவனுக்கு நூறு வாங்கித் தருவதும் ஒரே வேலை அன்று என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

கால்வே

1997 இறுதியில் கால்வே அணியை ஏற்றார். கால்வே கடைசியாக வென்றது 1966இல். அதற்குப் பின் கானாக்ட் மாகாணத்திலிருந்து எந்த அணியும் வென்றிருக்கவில்லை. 1998 இறுதியில் எதிரணி கில்டேர். அதன் மேலாளர், கெர்ரியோடு எட்டுக் கோப்பைகளை வென்ற மிக் ஓ'டுவயர். இடைவேளையில் கில்டேர் 1-5, கால்வே 0-5. இரண்டாம் பாதி தொடங்கிய சிறிது நேரத்தில் பாட்ரிக் ஜாய்ஸ் அடித்த கோல் ஆட்டத்தைத் திருப்பியது. முடிவு 1-14, 1-10.

அந்த ஆண்டின் கால்வே அணியைப் பற்றி 'எ இயர் டில் சண்டே' என்ற ஆவணப்படம் உள்ளது. எடுத்தவர் பாட் கோமர், அதே அணியின் மாற்றுக் கோல்காப்பாளர். உடைமாற்றும் அறைக்குள் ஒருவராக இருந்தே படமெடுத்ததால், வெளியாருக்குக் காட்டுவதற்கென்று வைத்திருக்கும் முகத்தைத் தாண்டி ஓ'மாஹனியைப் பார்க்க முடிகிறது. அவரைப் பற்றிய புகழுரைகளைப் படிப்பதற்கு முன் இந்தப் படத்தைப் பார்ப்பது நல்லது.

2000 இறுதியில் கெர்ரியோடு சமன் செய்து, மறு ஆட்டத்தில் கால்வே தோற்றது. 2001இல் கானாக்ட் போட்டியில் ராஸ்காமனிடம் தோற்றும், அந்த ஆண்டு புதிதாக வந்த தகுதிச் சுற்று வழியாக மீண்டு வந்து, இறுதியில் மீத் அணியை 0-17, 0-8 என்று வென்றது. பாட்ரிக் ஜாய்ஸ் மட்டும் பத்துப் புள்ளிகள் எடுத்தார். மாகாணத்தில் தோற்ற அணி கோப்பை வென்றது அதுவே முதல்முறை.

இந்தக் கால்வே அணியிலும் அரசியல் நிழல் இருந்தது. முன்னணி வீரர் மைக்கேல் டொனெல்லனின் தந்தை ஜான் டொனெல்லன், 1964இல் வென்ற கால்வே அணியின் தலைவர். அந்த இறுதிப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஜானின் தந்தையும் டாயில் உறுப்பினருமான மைக்கேல் டொனெல்லன் உயிர்நீத்தார். இடைத்தேர்தலில் ஜான் அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இரண்டு குதிரைகள்

2004இல் கால்வேயிலிருந்து விலகிய ஓ'மாஹனி, 2006 இறுதியில் மீண்டும் மேயோ மேலாளரானார். 2007 மே 24 அன்று பொதுத்தேர்தல். மேயோ தொகுதியில் ஃபைன் கேல் வேட்பாளராக நின்று வென்றார்.

அயர்லாந்தில் ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள். வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துவார். மிகுதி வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாறும். ஒரே கட்சியைச் சேர்ந்தவர்களே ஒருவருக்கொருவர் போட்டி என்பதால், கட்சிகள் தொகுதியை ஊர்வாரியாகப் பிரித்துக்கொள்ளும். மேயோவில் ஐந்து இடங்கள். எண்டா கென்னி காசல்பாரைச் சேர்ந்தவர், மைக்கேல் ரிங் வெஸ்ட்போர்ட்டைச் சேர்ந்தவர். கிழக்கு மேயோவில் கட்சியின் பிரதிநிதியாக இருந்த ஜிம் ஹிக்கின்ஸ் 2002இல் தோற்றிருந்தார். அந்த வெற்றிடத்துக்குக் கிழக்கு மேயோக்காரரான ஓ'மாஹனி பொருந்தினார். மூவரும் வென்றார்கள். எனவே கால்பந்துப் புகழ் மட்டுமே அவரை வெல்ல வைத்தது என்பது மிகை. அதே தேர்தலில், அதே கட்சியின் சார்பில், மீத் மேற்குத் தொகுதியில் நின்ற கிரஹாம் ஜெராட்டி தோற்றார். அவர் 1999இல் கோப்பை வென்ற மீத் அணியின் தலைவர். புகழே போதும் என்றால் அவரும் வென்றிருக்க வேண்டும்.

எனினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கவுண்டி அணி எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை. ஃபியனா ஃபால் குடும்பத்துப் பையனும் ஃபைன் கேல் குடும்பத்துப் பையனும் ஒரே சட்டையை அணிகிறார்கள். அந்த அணியை நடத்துபவர் ஒரு கட்சிக்கு வாக்குக் கேட்டு வீடு வீடாகச் செல்லும்போது, கதவைத் திறப்பவர் யாரோடு பேசுகிறார்? வேட்பாளரோடா, மேலாளரோடா? ஓ'மாஹனி அணியைத் தேர்தலுக்குப் பயன்படுத்தினார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவர் பயன்படுத்த வேண்டிய தேவையே இல்லை. பதவியே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஆட்டம் என்ன ஆயிற்று? 2007இல் மேயோ கால்வேயிடம் தோற்றது, பிறகு டெர்ரியிடம் தோற்று வெளியேறியது. 2008 கானாக்ட் இறுதியில் கால்வேயிடம் ஒரு புள்ளியில் தோல்வி. 2009இல் அதே கால்வேயை ஒரு புள்ளியில் வென்று பட்டம் பெற்றது. ஆனால் காலிறுதியில் மீத் தடுத்தது. 2010இல் ஸ்லைகோவிடமும் லாங்ஃபோர்டிடமும் தோற்றது. லாங்ஃபோர்டு தோல்வியோடு அவர் பதவி விலகினார். ஏடன் ஓ'ஷே போன்ற இளைஞர்கள் அவர் காலத்தில்தான் அணிக்கு வந்தார்கள் என்பதையும், அடுத்து வந்த ஜேம்ஸ் ஹொரன் 2012, 2013 இறுதிப் போட்டிகளுக்கு அணியைக் கொண்டுசென்றபோது அந்த விதை பயன்பட்டது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் லீட்ரிமுக்குக் கிடைத்த முழு ஓ'மாஹனி மேயோவுக்கு இரண்டாம் முறை கிடைக்கவில்லை. டப்ளினில் அவை அமர்வு, தொகுதியில் குறை கேட்கும் நாள்கள், மாலையில் பயிற்சி என்று ஒரு மனிதரின் வாரம் எத்தனை துண்டுகளாகும்?

டாயிலில்

2011 தேர்தலில் மேயோவின் ஐந்து இடங்களில் நான்கை ஃபைன் கேல் வென்றது. ஓ'மாஹனி அவர்களில் ஒருவர். கென்னி பிரதமரானார். ஓ'மாஹனி அமைச்சராகவில்லை. சாலை, பள்ளி, மருத்துவமனை என உள்ளூர்க் காரியங்களே ஒரு டாயில் உறுப்பினரின் அன்றாடம்; அதில் அவர் உழைப்பாளி. ஆனால் மேலாளராக இருந்தபோது தனக்கு வேண்டிய தேர்வாளர்களுக்காகப் பதவியையே விட்ட மனிதரின் அந்தப் பிடிவாதம் கட்சிக்குள் தென்படவில்லை. 2011இல் ராஸ்காமன் மருத்துவமனையின் அவசரப் பிரிவு மூடப்பட்டபோது, அக்கவுண்டியின் உறுப்பினர் டெனிஸ் நாட்டன் தன் சொந்தக் கட்சியின் அரசுக்கு எதிராக வாக்களித்து ஃபைன் கேல் கொறடாவை இழந்தார். ஓ'மாஹனி பாடம் நடத்திய பாலஹடெரீனும் அதே ராஸ்காமன் கவுண்டியில்தான் உள்ளது. அவர் கட்சியோடு நின்றார். அது அவருடைய தொகுதி அன்று என்ற விளக்கம் உண்டு; அந்த விளக்கம் அவ்வளவாகத் திருப்தி தரவில்லை.

போக்குவரத்து, தகவல்தொடர்புக்கான நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் தலைவராக அவர் நன்றாகச் செயல்பட்டார். 2014இல் குரோக் பார்க் மைதானத்தில் நடக்கவிருந்த கார்த் புரூக்ஸ் இசை நிகழ்ச்சிகள் ரத்தானபோது, அதை விசாரித்தது அந்தக் குழுதான். கோப்பை வென்ற மைதானத்தின் நிர்வாகிகளே அவர் முன் சாட்சி சொன்னார்கள்.

2016இல் மேயோவின் இடங்கள் நான்காகக் குறைந்தன. தென் மேயோவின் ஒரு பகுதி கால்வே மேற்குத் தொகுதியோடு சேர்க்கப்பட்டது. ஓ'மாஹனி அங்கே நின்றார். கால்வேக்கு இரண்டு கோப்பைகளைத் தந்தவர் கால்வே மேற்கில் தோற்றார். கோப்பைக்கு நன்றியும் வாக்கும் வேறுவேறு என்று அந்த வாக்காளர்கள் கருதியதில் தவறில்லை. அதே ஆண்டு அவர் மேலவை உறுப்பினரானார். மேலவையின் 60 இடங்களில் 43க்கு வாக்களிப்பவர்கள் பெரும்பாலும் உள்ளாட்சி மன்ற உறுப்பினர்கள். அவருடைய கடைசிப் பதவி அந்த அவையில்தான்.