புகைப்படக் கேமராவும் சினிமாக் கேமராவும்

2008ஆம் ஆண்டில் கேனன் நிறுவனத்தார் வெளியிட்ட ஃபைவ் டி மார்க் டூ என்னும் புகைப்படக் கேமராவில் வீடியோ எடுக்கும் வசதி ஓர் உபரிச் சௌகரியமாகவே கருதப்பட்டது. ஆயினும் இரண்டே ஆண்டுகளில் 'ஹவுஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் பருவ இறுதிப் பகுதி அதைக் கொண்டே படமாக்கப்பட்டபோது, இனித் தனியே சினிமாக் கேமரா எதற்கு என்னும் வினா பிறந்துவிட்டது. அக்கேமரா சென்ஸாரின் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படித்தமையால், மெல்லிய கோடிட்ட சட்டைகளில் இல்லாத வர்ண அலைகள் தோன்றின. அக்குறை இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டது. பிம்பத்தின் தரத்தை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரிப்பது இனிச் சாத்தியமன்று.

வித்தியாசம் தொழில் செய்யும் முறையிலேயே இருக்கிறது. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அசைவு இயல்பாகத் தோன்ற, ஷட்டர் ஏறத்தாழ 1/50 நொடி திறந்திருத்தல் அவசியம். ஆகவே உச்சி வெயிலில், ஐ.எஸ்.ஓ. 800இல், லென்ஸை எஃப் 2.8க்குத் திறந்து வைத்து எடுப்பவர், வரும் வெளிச்சத்தை 500இல் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும். புகைப்படக்காரரோ ஷட்டரை விரைவாக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார். சோனி எஃப்எக்ஸ்6 போன்ற சினிமாக் கேமராவில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் உள்ளேயே அமைந்திருக்க, புகைப்படக் கேமராவில் வீடியோ எடுப்பவர் லென்ஸ்தோறும் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருக்கும்போது மேகம் வந்து வெயிலே மாறிவிடுகிறது. பிறகு மைக்குக்கு ஓர் இணைப்புப் பெட்டி, அதைத் தாங்க ஒரு கூண்டு, வெளித் திரை, பாட்டரிகள் என்று வாங்கி முடிக்கையில், மலிவு என்று நம்பிய பொருளின் விலையை மறுபடியும் கூட்டிப் பார்க்க மனம் துணிவதில்லை.

2023இல் வெளிவந்த 'தி கிரியேட்டர்' திரைப்படத்தைச் சிறிய கேமராவின் வெற்றிக்குப் பிரமாணமாகக் காட்டுவோர் பலர். அதைப் படமாக்கிய சோனியின் கையடக்கமான எஃப்எக்ஸ்3, ஐ.எஸ்.ஓ. 12800இலும் தெளிவாக எடுக்க வல்லதாகையால், சிறிய விளக்குகளோடும் குறைந்த ஆட்களோடும் தாய்லாந்து முதலிய நாடுகளில் திரிந்து படமெடுக்க அது உதவியது உண்மையே. ஆனால் அதனுடன் வெளி ரிக்கார்டரும், அனமார்ஃபிக் லென்ஸும், கிரெய்க் ஃப்ரேசர், ஓரன் சோஃபர் ஆகிய ஒளிப்பதிவாளர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

தனியே அலைந்து படமெடுப்பவருக்கும், ஸ்டில்லும் வீடியோவும் சேர்த்துத் தரக் கடமைப்பட்டவருக்கும் புகைப்படக் கேமராவே உசிதம். நீண்ட நேர்காணலுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்: 2020இல் வந்த கேனன் ஆர்5, 8கே பதிவில் ஏறத்தாழ 20 நிமிஷத்தில் உஷ்ணத்தால் நின்றுவிடும். அதற்குக் கேனனின் பழைய சினிமாக் கேமராவான சி300 ஒன்றை வாடகைக்கு எடுத்தாலும் போதும். அதன் 8 பிட் வர்ணம் இன்றைய கேமராக்களுக்குச் சற்றுத் தாழ்ந்ததேயாயினும், மைக்குக்கான எக்ஸ்.எல்.ஆர். இணைப்பும் என்.டி. ஃபில்டரும் அதிலேயே இருக்கின்றன.